டி.பி. சளி நாறாது

"டி.பி. சளி நாறாது சார். இது நாறுது. இது வேற இன்னாவோ."

பெண்கள் வார்டின் நடுவில், ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் எச்சில் வாளியுமாக நின்று எஸ்தர் அக்கா இதைச் சொன்னாள். காலை ரவுண்ட்ஸ் நேரம். பெரிய டாக்டர் என் மனைவி கோமளாவின் கட்டிலருகே வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ், நாலைந்து மாணவர்கள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "யாரிது, புது டாக்டரம்மாவா? எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார் நர்ஸிடம். மாணவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல சார், இவங்க துப்பறத நாந்தான் தெனம் கொட்டறேன். அதனால சொல்றேன்..."

"பெருக்கற வேலையப் பாரு."

எஸ்தர் அக்கா குனிந்து அடுத்த கட்டிலின் அடியில் துடைப்பத்தை விட்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் என்னிடம் கேட்டார்: "நீங்கதான் வீட்டுக்காரரா? வீட்ல எப்படி இருந்தாங்க?"

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக என் வீட்டிலேயே இருந்த நாற்றம். "ஆமா சார், இந்தம்மா சொல்றது சரிதான்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"காய்ச்சல் சார்" என்றேன். பிறகு தரையைப் பார்த்தேன். பினாயில் ஈரம் காயாத தரை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. அந்தத் தரை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பட்டின் மேல் ஒரு துளி

கோமளாவைப் பற்றி முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. ஓரிக்கை கிராமத்தில் பிறந்தவள். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். ரேஷன் கடையிலும் கரண்ட் ஆபீசிலும் அவள்தான் முன்னால் நிற்பாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

"உன்ன கட்டிக்கினதுக்கு ஒரு ரேடியோவ கட்டிக்கினு இருக்கலாம்யா. அதுவாச்சும் திருகினா பேசும்" என்பாள்.

தறியில் மட்டும் அவளும் பேச மாட்டாள். நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். தறிக் குழிக்குள் காலை விட்டு நான் நடுவில் உட்காருவேன். கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள அவள் என் பக்கத்தில் உட்காருவாள். முழங்கை இடிக்கும் தூரம்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பு எங்கள் தெருவில் ஒருவர் சந்தன நிறத்தில் முகூர்த்தப் புடவை ஒன்று நெய்தார். அவருக்கு அப்போது சளி. நெய்யும்போது இருமியதில் ஒரு துளி பட்டில் விழுந்துவிட்டது. துடைத்தார். துடைத்தால் போகுமா? முதலாளி புடவையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடுகளவு கறை.

"கல்யாணப் பொண்ணு கட்டற சேலைடா இது. உன் எச்சிலயா அவ கட்டிக்கினு மணையில உக்காரணும்?" என்று பத்துப் பேர் முன்னால் அவர் முகத்தில் புடவையை விட்டெறிந்தார். அப்புறம் வெகுநாள் அவருக்கு யாரும் நெய்யப் பாவு நூல் கொடுக்கவில்லை.

அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. இருமல் வந்தால் நாக்கை மேலே அழுத்தி, மூச்சை மூக்கால் இழுத்து, வந்ததை விழுங்கிவிட வேண்டும். எழுந்து போய்த் துப்ப வேண்டுமென்றால் குழியிலிருந்து காலை எடுத்து, நாடாவை நிறுத்தி, பக்கத்து ஆளையும் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு விழுங்குவது சுலபம். கோமளா இதில் கெட்டிக்காரி. அவள் இருமுவது பக்கத்திலிருக்கும் எனக்கே தெரியாது. தோள் மட்டும் ஒரு முறை குலுங்கும்.

கெட்டிக்காரி என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன். என்னை எதனால் அடிப்பது?

சாயப்பட்டறை

ஓர் ஐப்பசி மழையில் அவளுக்கு விழுங்க முடியாமல் ரத்தமாக வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பார்த்தார்கள். டி.பி. என்றார்கள்.

எதிரில் ஓர் ஆள் பார்க்க மாத்திரையை விழுங்க வேண்டும் என்ற முறை எங்கள் பக்கம் வந்த புதிது. வாரத்தில் மூன்று நாள். எங்கள் தெருப் பால்வாடி டீச்சர்தான் பார்க்கிற ஆள். கோமளா ஒரு சொம்புத் தண்ணீரோடு போவாள். கை நிறைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்குவாள். பால்வாடிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். கடைசி மாத்திரை உள்ளே போனதும் கை தட்டும்.

"எங்கம்மாகூட நான் சாப்ட்டதுக்கு இவ்ளோ சந்தோசப்பட்டதில்ல" என்பாள்.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் விட்டது. பசி வந்தது. வளையல் மறுபடி கையில் நின்றது. தறியில் உட்கார்ந்தாள்.

பிறகு குளிரோடு காய்ச்சல் திரும்பியது. அதோடு அந்த நாற்றமும். அவள் வாயைத் திறந்தால் சுவர் இடுக்கில் எலி செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். அவளுக்கே தெரிந்து, என் பக்கம் முகத்தைத் திருப்பாமல் பேச ஆரம்பித்தாள். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டாள். சொத்தைப் பல்லாக இருக்கும் என்று நினைத்தோம்.

டி.பி. ஆபீசிலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் பைக்கில் வருவார். அவர் வாசலிலேயே நின்று, தெருவுக்குக் கேட்க, "மாத்திரைய கடவாயில ஒதுக்கிக்கினு வெளிய வந்து துப்பிடற. அதான் காய்ச்சல் திரும்பியிருக்குது. எத்தன பேர நான் பாத்துட்டேன்" என்றார்.

"இல்ல சார், முழுங்கறேன். டீச்சர கேளுங்க."

"டீச்சர ஏமாத்தறது பெரிய விஷயமா?"

கோமளா இடுப்பில் கை வைத்தாள். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் சிவந்து போகும். போட்டவர்களுக்குத் தெரியும். "சார், நான் முழுங்கலன்னா மூத்திரம் ஏன் சார் செவப்பா போவுது? எங்கூட்டு பின்னால சாயப்பட்டறையே ஓடுது. வந்து பாக்கறீங்களா?"

தெருவே சிரித்தது. அவர் முகம் கறுத்தது. "திமிரப் பாரு" என்று அவள் மருந்து அட்டையில் ஏதோ எழுதிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

அவள் காட்டிய சாட்சி போதாதா? அதைச் சிரிப்பாக்காமல் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். மாத்திரை உள்ளே போகிறது. டி.பி. அடங்குகிறது. பின்னே இந்தக் காய்ச்சல் எதனால்?

அவரை மட்டும் திட்டி என்ன? அன்று மத்தியானம் கோமளா அயர்ந்து படுத்திருந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பின்பக்கச் சாக்கடையைக் கிளறினேன், மாத்திரை கிடக்கிறதா என்று. கழிவு நூல் வந்தது. ஒரு சட்டைப் பொத்தான் வந்தது. மாத்திரை இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் முழங்கை இடிக்க என்னோடு உட்கார்ந்தவளை நம்பவில்லை. பைக்கில் வந்தவரை நம்பினேன். அவர் பேண்ட் போட்டு, பையில் பேனா வைத்திருந்தார். நான் ஐந்தாவதோடு நின்றவன். வேறு காரணம் கிடையாது.

சுத்தமான எச்சில்

டி.பி. ஆபீசில் மறுபடி சளியைச் சோதிக்கச் சின்ன டப்பா கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறித் துப்பிக் கொண்டுவர வேண்டும்.

அந்த லேபில் இருந்த பெண் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. கோயில் பக்கம் போனால் முகம் பார்த்துச் சிரிக்கிறவள். அவளிடம் போய் இந்த நாற்றத்தை எப்படிக் கொடுப்பது? எனக்கு நினைக்கவே கூசியது.

"பல்லு வெளக்கி, நல்லா கொப்புளிச்சிட்டு துப்பிக் குடு. மொதல்ல வர்றது வேணாம், கக்கூஸ்ல துப்பிடு. அந்தப் பொண்ணு மூஞ்ச சுளிக்கப் போறா" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால். பேசவே பேசாதவன் அன்றைக்குப் பேசினேன்.

கோமளா அப்படியே செய்தாள். மஞ்சளும் பச்சையுமாக வந்ததைக் கக்கூஸில் துப்பித் தண்ணீர் ஊற்றினாள். மூன்று முறை கொப்புளித்தாள். பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்த எச்சிலை டப்பாவில் துப்பி மூடியை இறுக்கிக் கொடுத்தாள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் சொம்பைத் துலக்குவதுபோல.

கிருமி இல்லை என்று எழுதி வந்தது.

அங்கிருந்த டாக்டர், "டி.பி. நல்லா குறையுது. காய்ச்சல்லாம் பயத்துல வர்றது. சத்தா சாப்பிடுங்க" என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரையும் டானிக்கும் எழுதினார். "சளி எப்படி, நிறைய துப்பறீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். "துப்பறதில்ல சார்" என்றாள் கோமளா. அவளைப் பொறுத்தவரை அது உண்மை. டப்பாவுக்காகத் துப்பிய அன்றைக்குத் தவிர அவள் துப்புவதில்லை, விழுங்குகிறாள். அவர் எழுதிக்கொண்டார்.

மாத்திரை விழுங்கவில்லை, அதனால் நோய் ஏறுகிறது என்கிறார் ஒருவர். மாத்திரை வேலை செய்கிறது, நோய் இறங்குகிறது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த நாற்காலி. ஒரு டீ குடிக்கிற நேரம் பேசியிருந்தால் போதும். பேசவில்லை. கோமளா நடுவில் கிடந்து கொதித்தாள்.

பாயசமா அது?

எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு, பஸ்ஸில் வாலாஜாபாத் போய், அங்கே இன்னொரு பஸ் மாறி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே பிழைத்தவர்களும் உண்டு.

சேர்த்த அன்றே எஸ்தர் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். எங்கள் வயதுதான் இருக்கும். கட்டிலுக்குக் கட்டில் எச்சில் குவளையை எடுத்துக் கொட்டிக் கழுவி வைப்பது அவள் வேலை. கோமளாவின் குவளை காலியாக இருந்தது. தோள் குலுங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, இருமினியே, வந்தது எங்க?"

"முழுங்கிட்டேன்கா."

"முழுங்கிட்டியா? பாயசமா அது?"

கோமளாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலானது. "தறியில உக்காந்து அப்பிடியே பழகிடுச்சுக்கா. பட்டு மேல பட்டுட்டா வம்பு."

"இங்க பட்டும் இல்ல, தறியும் இல்ல. துப்பு. அப்புறம் நான் எதுக்கு வாளிய தூக்கிக்கினு திரியறேன்?"

கோமளா துப்பினாள். பாதிக் குவளை நிறைந்தது. எஸ்தர் அக்கா அதை எடுத்தவள் அப்படியே நின்றாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், முதலாளி புடவையைப் பார்ப்பதுபோல. அவள் மட்டும்தான் அதை அப்படிப் பார்த்தாள்.

"இது டி.பி. சளி இல்லம்மா" என்றாள். "நான் கொட்டாத சளியா? டி.பி. சளிக்கு இந்த நாத்தம் இருக்காது. உள்ள வேற இன்னாவோ சீழு வச்சிருக்குது."

நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் டாக்டரிடம் சொல்வதாகச் சொன்னார், சொல்லவில்லை. அதனால்தான் எஸ்தர் அக்கா தானே டாக்டரிடம் சொன்னாள். என்ன கிடைத்தது என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

டாக்டர் போன பிறகு கோமளா என்னைப் பார்த்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "வாயில இன்னாயா, பாவுக்குப் போடற கஞ்சியா? ஒட்டிக்கினு இருக்குதா?" என்றாள்.

கர்சீப்

பெரிய டாக்டர் மறுபடி வர நான்கு நாள் ஆகும். அதுவரை சின்ன டாக்டர்கள் அட்டையைப் பார்த்து அதே மருந்தை எழுதினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு விடும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடலன்னு அட்டையில இருக்கு. இனிமே நோய் மருந்துக்குக் கேக்கறது கஷ்டம். வீட்டுக்கு வேணும்னா கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சாகத்தான் கூட்டிப் போகச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

உள்ளே வந்து கோமளாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "நான் போவ மாட்டேன்" என்றாள். "நாளைக்கு அந்தாளு வரட்டும்."

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். அந்த வார்டுக்குள் நுழையும்போதே மடித்த கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்வார். போகும்வரை எடுக்க மாட்டார். கட்டிலருகே வந்து அட்டையைக் கையில் எடுத்தார்.

கோமளா எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அடிவயிற்றிலிருந்து இருமினாள். அத்தனை வருஷமும் பட்டுக்குப் பயந்து அடக்கிய சத்தம் எல்லாம் அதில் இருந்தது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. குவளையில் துப்பினாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். குவளையை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கர்சீப்ப எடுத்துட்டு மோந்து பாருங்க சார்."

நர்ஸ் பதறி, "ஏம்மா, இன்னா இது, கீழ வை" என்றார்.

"நாலு நாளா அந்தக்கா சொல்றாங்க. நீங்க ஒருவாட்டி மோந்து பாருங்க. அப்புறம் என்ன சாவ சொல்லுங்க, சாவறேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கர்சீப்பை எடுத்தார். ஒரு தடவை மூச்சிழுத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படி வருது?"

"ஒரு மாசமா சார்" என்றாள் கோமளா.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல சார்."

முதுகில் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். இன்னொரு எக்ஸ்ரே, வேறு மாதிரிச் சளிச் சோதனை, அன்றே ஊசி. எல்லாம் மளமளவென்று நடந்தது.

மாணவர்களிடம் விளக்கினார். டி.பி. அரித்த இடத்தில் வேறு கிருமி வந்து தங்கிக்கொள்ளும். டி.பி. மருந்து இதைத் தொடாது, இதற்குத் தனி மருந்து வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டி.பி.காரருக்குக் காய்ச்சல் திரும்பினால் மாத்திரை விழுங்கவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள், சளியைக் கண்ணால் பாருங்கள், நாற்றத்தைக் கவனியுங்கள்.

அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது! அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தெரியாத மனிதர் என்றால் போகட்டும் என்று விடலாம்.

"சார், கண்டுபிடிச்சது அந்தக்கா" என்றாள் கோமளா, வார்டுக் கோடியில் வாளியோடு நின்ற எஸ்தர் அக்காவைக் காட்டி.

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கர்சீப் மறுபடி மூக்குக்குப் போய்விட்டது.

வெளியே வந்த நாள்

ஊசியோடு, தலையைத் தாழ்த்திக் குப்புறப் படுக்க வைத்துச் சீழை வெளியே எடுத்தார்கள். எஸ்தர் அக்கா ஒவ்வொரு குவளையையும் முகர்ந்து, "நேத்துக்கு இன்னிக்கு பரவால்ல" என்று அறிக்கை வாசிப்பாள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. பிறகு ஒரு நாள் கோமளா மொச்சைக்கொட்டைக் குழம்பு வேண்டும் என்றாள். நான் வராந்தாவில் போய் அழுதேன்.

டி.பி. மாத்திரையைத் தொடர வேண்டும் என்று சொல்லி அனுப்பிய அன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பட்டு ஜாக்கெட் துணியை எஸ்தர் அக்காவிடம் நீட்டினேன். மாடிப்படிக்குக் கீழே வாளி கழுவிக்கொண்டிருந்தாள். கையைக் கூடத் துடைக்கவில்லை.

"இது எதுக்குப்பா எனக்கு? ஒன்னு கேக்கறேன், சொல்லு. நான் அன்னிக்கு டாக்டர்கிட்ட சொன்னப்போ நீ அங்கதான நின்ன? அந்த நாத்தம் உனக்கு தெரியுமில்ல?"

"தெரியும்கா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நான் துணியை மறுபடி மடித்தேன்.

"நான் சொன்னா, பெருக்கறவ சொல்றான்னு தள்ளுவாங்க. நீ புருசங்காரன். நீயும் சொல்லியிருந்தா நின்னு கேட்டிருப்பாரு. நாலு நாளு. அவ செத்துப் போயிருந்தா?"

வாளியைக் கவிழ்த்தாள். "நேத்து பதினோராம் கட்டிலுக்கு ஒரு பொண்ணு வந்திருக்குது, செங்கல் சூளையிலருந்து. அதே நாத்தம். அதுவும் கூச்சப்பட்டுக்கினு முழுங்குது. கூட அண்ணங்காரன் நிக்கறான், உன்ன மாதிரியே தரைய பாத்துக்கினு. இப்ப ரவுண்ட்ஸ் வருவாங்க. போய் ஒரு வார்த்த சொல்லிட்டு போப்பா."

"பஸ் போயிடும்கா" என்றேன்.

பொய் இல்லை. பஸ் வரும் நேரம்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் என்ன பேசுவது என்று பயந்துதான் அதைச் சொன்னேன்.

கேட் அருகே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோமளா எழுந்து வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள் போல. தன் துணிப்பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். நான் பிடித்துக்கொண்டேன். கைப்பிடிச் சுவரைப் பற்றி வார்டுக்குப் போகும் மாடிப்படி ஏற ஆரம்பித்தாள். இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். எஸ்தர் அக்கா ஈரக் கையோடு பின்னால் போனாள்.

நான் கீழேயே நின்றேன். இரண்டு பஸ் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்தேன்.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ண துப்ப சொன்னேன்" என்றாள். "அவங்க அண்ணன்கிட்ட, எம் புருசன் மாதிரி நிக்காதன்னு சொன்னேன்."